சிவப்பு அண்ணனுக்கு, பச்சை தம்பிக்கு

வாரம் தவறாமல் இந்த வீட்டுக்குள் எட்டிப் பார்க்கிறவர்களுக்குச் செயலாளரைத் தெரியும். இந்த வாரம்தான் முதன்முதலாக வாசலில் செருப்பைக் கழற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: அவர் எந்த அரசாங்கத்துக்கும் செயலாளர் அல்ல. ஒரு தெருவுக்கு. வீதி நலச் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. அதற்கு வருடா வருடம் தேர்தல் உண்டு. வருடா வருடம் வேறு யாரும் நிற்பதில்லை. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் சங்கத்தின் ரப்பர் முத்திரையைக் கையில் எடுத்தவர், இன்னும் கீழே வைக்கவில்லை. கோபம் வந்தால் மனைவியே, "செயலாளர் சாப்பிட வரலாம்" என்றுதான் கூப்பிடுவாள்.

போன வாரம் இவர் தன் கூடப்பிறந்த தம்பி மேல் நகரமன்றத்தில் புகார் கொடுத்தார். தம்பி அடுத்த வீடு. நடுவில் ஒரு சுவர். தம்பி வீட்டு மரம் அண்ணன் வீட்டு டைல்ஸில் இலை உதிர்த்தது என்பதில் ஆரம்பித்த சண்டை, மரத்தை வெட்டிய பிறகும் பட்டுப்போகவில்லை. இருவரும் பேசிக்கொள்வதில்லை. பேச வேண்டியதை நகரமன்றத்துக்கு எழுதிப் போடுவார்கள்.

புகார் இதுதான்: தம்பி வீட்டு முற்றம் காடாகிவிட்டது. கோரையும் நாணலும் ஆள் உயரம். மழை பெய்தால் அந்தக் காடு தண்ணீரை வெளியே தள்ளுகிறது. அது அண்ணன் வாசலில் வந்து நிற்கிறது.

அந்தப் புகார் யார் மேசையில் வந்து விழுந்தது என்ற இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். நகரமன்றத்தின் மழைநீர்ப் பிரிவில் ஆய்வாளராக இருப்பவள் மேசையில். செயலாளரின் ஒரே மகள்.

"சார், இது எங்க சித்தப்பா வீடு. வேற யாரையாவது அனுப்புங்க" என்றாள் காலையில், பொறியாளர் அறையில் நின்றுகொண்டு.

பொறியாளர் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். நிம்மதி தரும் பக்கத்தைக் கண்டுபிடிக்கிற வரை புரட்டுவது அவர் வழக்கம்.

"உறவினர்னா யாருன்னு இங்க போட்டிருக்கு. பெற்றோர், துணைவர், பிள்ளைகள். சித்தப்பா இல்லையேம்மா."

"புகார் கொடுத்தது எங்க அப்பா."

"அவர் மேல ஒண்ணும் புகார் இல்லையே."

"புகார் கொடுத்தவர் வீட்டையும் சேர்த்துச் சோதிக்கணும்னு விதி இருக்கு சார்."

"எந்தப் புண்ணியவான் அந்த விதியைக் கொண்டுவந்தது?"

"எங்க அப்பா."

பொறியாளர் புத்தகத்தை மூடினார். "மழைக்காலம். ஆளே இல்ல. இருந்த இன்னொரு ஆய்வாளரும் சாக்கடை மூடி மேல வழுக்கிக் காலை உடைச்சுக்கிட்டாரு. நீங்களே போயிட்டு வந்துடுங்க. குடும்ப விஷயம் குடும்பத்துக்குள்ளயே முடிஞ்சா எல்லாருக்கும் நல்லதுதானே."

விதிகளைப் பற்றி இரண்டு வரி சொல்லாமல் மேலே போக முடியாது. சொத்துப் பராமரிப்பு, மழைநீர்ப் பாதுகாப்பு, மண்ணுக்குரிய செடி வளர்ப்பு என்று மூன்று காரியத்துக்கும் ஒரே கட்டாக இந்த வருடம் வந்த விதிகள் அவை. அந்த மண்ணுக்கே உரிய செடிகளை ஒவ்வொரு வீட்டிலும் வளர்க்க வேண்டும் என்கிறது ஒரு பக்கம். முழங்காலுக்கு மேல் வளர்ந்த எதையும் வெட்ட வேண்டும் என்கிறது அடுத்த பக்கம். அந்த மண்ணுக்கே உரிய செடிகளில் பாதி, முழங்காலை மதிப்பதில்லை. இரண்டு பக்கமும் ஒரே கூட்டத்தில், சாப்பாட்டு மணிக்குச் சற்று முன்னால், ஒருமனதாக நிறைவேறின. யாருடைய முழங்கால் என்றும் எழுதவில்லை. எனவே நெட்டையான ஆய்வாளர் வருகிற தெருக்களில் செடிகள் கொஞ்சம் செழிப்பாக இருக்கும்.

பொதுமக்கள் கருத்துக் கேட்டபோது எழுந்து நின்று பேசிய ஒரே பொதுமக்கள் செயலாளர்தான். தன் மனைத் தண்ணீரை அடுத்தவர் மனைக்குள் விடுகிறவர், அதற்குக் காரணமானதைத் தன் செலவில் அகற்ற வேண்டும் என்ற விதி அவர் கொடை. 'காரணமானது' என்று சொல்லும்போது அவர் மனதில் இருந்தது தம்பியின் காடு. நடுநிலையாகத் தெரிய வேண்டுமே என்று, இரு தரப்பையும் சோதிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டார். அதைச் சொன்னபோது கைதட்டல் கிடைத்தது. கைதட்டல் கிடைத்த வாக்கியங்கள்தான் மனிதனைப் பின்னால் வந்து கடிக்கும்.

ஆக, மகள் கையில் இன்றைக்கு இரண்டு பாட்டில் சாயம். யார் வீட்டுத் தண்ணீர் எங்கே போகிறது என்பதைக் கண்டுபிடிக்க அவள் பிரிவில் இருக்கும் வழி அதுதான். இந்த முனையில் சாயத்தைக் கலந்து தண்ணீரை விடுவது, அந்த முனையில் போய்க் காத்திருப்பது. பச்சைச் சாயம் சித்தப்பா முற்றத்தில் ஊற்றப்படும். அது தெருவிலோ அப்பா வாசலிலோ தலைகாட்டினால், நாளைக் காலையில் புல் வெட்டும் ஆட்கள் வந்து தோட்டத்தைத் தரைமட்டமாக்கிவிடுவார்கள். உத்தரவில் இருக்கும் கையெழுத்து அவளுடையதாக இருக்கும்.

செயலாளர் சோதனைக்கு இன்றைய தேதியைக் கேட்டு வாங்கியதற்கும் காரணம் இருந்தது. ஊரிலேயே ஒழுங்கான வீட்டு வாசலுக்கு நகரமன்றம் தரும் 'முன்மாதிரி முகப்பு' என்ற பித்தளைப் பலகை இந்த வருடம் அவருக்கு. சாயங்காலம் நகரமன்றத் தலைவியே வந்து தெருவோர வாசற்கதவில் அதைப் பொருத்தப் போகிறார். பக்கத்துக் காடு படத்தில் விழுந்தாலும், அது நாளைக் காலையில் வெட்டப்படும் என்று தலைவியிடம் சொல்லிக்கொள்ளலாம்.

அவள் போய்ச் சேர்ந்தபோது அப்பா வேட்டி சட்டையைத் தவிர்த்து, பேண்ட்டும் மடிப்புக் கலையாத சட்டையுமாக நின்றுகொண்டிருந்தார். மாலைக்கான உடை காலையிலேயே ஏறிவிட்டது.

"வாங்க அதிகாரி" என்றார். மகளை அவர் கிண்டல் செய்யவில்லை. அவருக்குக் கிண்டல் வராது.

முற்றம் முழுவதும் சாம்பல் நிற டைல்ஸ். சோறு போட்டுச் சாப்பிடலாம் என்பார்கள். அங்கே யாரும் செருப்போடு நடக்க முடியாது என்பதால் சாப்பிடத்தான் லாயக்கு. மண்ணுக்குரிய செடி வளர்க்க வேண்டும் என்ற விதிக்கு அடையாளமாக மூன்று தொட்டிகள். மூன்றிலும் மூன்று செடி, கத்தரிக்கோலால் ஒரே மட்டமாக நறுக்கப்பட்டு. தொட்டியில் 'மண்ணின் செடி' என்று சிறிய பலகை. தொட்டிக்குள் இருந்த மண் கடையில் வாங்கியது.

"முதல்ல டீ குடி" என்று உள்ளிருந்து அம்மா கூப்பிட்டாள்.

சமையலறையில் அம்மா அடுப்பைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு வானத்தை. பிறகு மகள் கையிலிருந்த பாட்டில்களை.

"அது என்ன ரெண்டு?"

"அப்பா பக்கத்துக்குச் சிவப்பு, சித்தப்பா பக்கத்துக்குப் பச்சை."

"ரெண்டுக்கும் பச்சையே ஊத்தேன்."

"ரெண்டும் ஒரே கலரா இருந்தா எது யாரு தண்ணின்னு எப்படிம்மா தெரியும்?"

"தெரிஞ்சு என்ன ஆகப்போகுது. புடவைக்கு ஜாக்கெட் எடுக்கற மாதிரி, எதுக்கு ரெண்டு கலரு?"

"அம்மா, இது என் வேலை."

"வேலை இல்லைன்னு யாருடி சொன்னா. சிவப்பு கறை பிடிக்கும். டைல்ஸ்ல கறை விழுந்தா உங்கப்பா அன்னம் தண்ணி இறங்காமக் கிடப்பாரு. அதுக்குச் சொன்னேன்."

"கறை பிடிக்காது. ரெண்டு நாள் தெரியும், அப்புறம் போயிடும்."

"ரெண்டு நாள் தெரியுமா?" என்றாள் அம்மா. அதுதான் அவளுக்குச் செய்தியாக இருந்தது. டீயில் சர்க்கரை போட மறந்திருந்தாள். இந்த வீட்டில் அது நடந்ததே இல்லை. மகள் அதைக் கவனித்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம், வீட்டுக்காரர்கள் சொல்வதைக் கேட்டுக்கொள், தண்ணீர் சொல்வதை எழுதிக்கொள் என்பது.

பக்கத்து வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. சித்தப்பா கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அரை நாள் கடையைச் சாத்திவிட்டுத் தோட்டத்துக்கு நடுவே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நாணலுக்கு மேல் தலை மட்டும் தெரிந்தது.

"வாங்க ஆபீசர். கைது பண்ண வந்தீங்களா, காப்பி சாப்பிட வந்தீங்களா?"

"சாயம் ஊத்த வந்தேன் சித்தப்பா."

"ஊத்துங்க, ஊத்துங்க. நரைச்ச தலைக்கும் கொஞ்சம் மிச்சம் வைங்க."

"உங்களுக்குப் பயமே இல்லையா? பச்சை வெளிய வந்துச்சுன்னா நாளைக்கு இங்க ஒரு புல்லு இருக்காது."

"என் தண்ணி வெளிய போற ஜாதி இல்ல பாப்பா. வீட்டோட இருக்கும்."

"சரி. இது முடிஞ்சதும் அப்பா பக்கம் சிவப்பு ஊத்தணும்."

சித்தப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது. "உங்கம்மாவுக்குத் தெரியுமா?" என்றார்.

இரண்டாவது தடவையாக அவள் எதையோ கவனித்தாள்.

தண்ணீர் லாரிக்காரர் குழாயை இழுத்து வந்தார். முற்றத்தின் மேட்டு மூலையில் அவள் பச்சையைக் கலந்தாள். தண்ணீர் வேர்களுக்கு இடையே நெளிந்து போய், நடுவில் இருந்த ஒரு பள்ளத்தில் இறங்கியது. சுற்றிலும் கோரை அடர்ந்த பள்ளம். தேங்கியது, சுழன்றது, ஒரு தடவை யோசிப்பதுபோல் நின்றது. பிறகு மெல்ல மெல்ல மண்ணுக்குள் போய்விட்டது. கோரைத் தண்டுகளில் ஒரு பச்சை வளையம்தான் மிச்சம்.

தெருவில் சங்க உறுப்பினர்கள் இருவர் குடையோடு சாக்கடைக் கம்பிக்கு இருபக்கமும் நின்று, பச்சை வருகிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். லாரித் தண்ணீர் பாதிக்கு மேல் தீர்ந்தது. பச்சை வரவில்லை. ஒருவர் கொட்டாவி விட்டார். மற்றவர் அதை வழிமொழிந்தார்.

"எதிர்த்தரப்பு எங்கயோ அடைச்சு வச்சிருக்கு" என்றார் செயலாளர், தன் வாசலில் நின்றபடி. தம்பியை அவர் அவன் என்றும் சொல்வதில்லை, அவர் என்றும் சொல்வதில்லை.

"அடைக்கலப்பா. மண்ணு குடிச்சிடுச்சு."

"அவ்வளவு தண்ணியையுமா?"

"அவ்வளவையும்."

செயலாளர் நெற்றியைச் சுருக்கினார். மண் தண்ணீரைக் குடிக்கும் என்ற தகவல் சங்கத்தின் கவனத்துக்கு வரவில்லை. "சரி, நம்ம பக்கம் ஊத்து. ஒழுங்கான வீட்டுத் தண்ணி எப்படிப் போகும்னு எல்லாரும் பார்க்கட்டும்" என்றார். பாட்டிலை மகள் கையிலிருந்து வாங்கி, தானே திறந்து, திறப்பு விழாவுக்கு உரிய நிதானத்தோடு ஊற்றினார்.

சிவப்பு டைல்ஸ் மேல் விரிந்தது. வாசல் பக்கம் போகவில்லை. வீட்டுப் பக்கம் போனது.

கல்யாணமாகி மகள் ஊரின் மறுகோடிக்குப் போன பிறகு போட்ட தளம் இது. அதன் பிறகு மழை நாளில் அவள் இந்த வீட்டில் இருந்ததே இல்லை. மழை நாளில் அவளுக்கு ஊரெல்லாம் வேலை.

"ஏம்பா, வாட்டம் உள்பக்கமா இருக்கு?"

"முகப்பும்மா. தெருவுல நின்னு பார்க்கறவனுக்கு ஒரே மட்டமா தெரியணும். வாசல்ல தண்ணி வழிஞ்சா அது என்ன முகப்பு? கொத்தனார் வேற மாதிரி போடறேன்னான். நான்தான் விடல."

"தண்ணி அப்புறம் எங்க போகுது?"

"வீட்டுச் சுவரை ஒட்டிக் கம்பி போட்டிருக்கு பார், அதுக்குக் கீழ ஓடை. அது அப்படியே சுத்திக்கிட்டு தெருச் சாக்கடைக்குப் போயிடும்."

அவள் கம்பியைப் பார்த்தாள். தெருச் சாக்கடையைப் பார்த்தாள். சாக்கடை மேலே இருந்தது, ஓடை கீழே இருந்தது. தண்ணீருக்குப் படியேறத் தெரியாது. சங்கத் தீர்மானம் போட்டாலும் ஏறாது.

சங்க உறுப்பினர்கள் மறுபடி குனிந்தார்கள். சிவப்பும் வரவில்லை.

"வரும். கொஞ்சம் பொறுங்க" என்றார் செயலாளர். லாரியில் மிச்சமிருந்த தண்ணீரும் டைல்ஸ் வழியாகக் கம்பிக்குள் விழுந்து, நன்றாகச் சத்தம் போட்டுக்கொண்டு, எங்கேயோ போனது.

சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பா இருமினார். சளி இருமல் இல்லை, கூப்பிடுகிற இருமல். மகள் போய்ப் பார்த்தாள்.

சுவரடியில் கோரையை விலக்கிப் பிடித்திருந்தார் சித்தப்பா. உள்ளே ஒரு குழாயின் வாய். அதிலிருந்து சிவப்பு, அவசரமே இல்லாமல், தெரிந்த வீட்டுக்கு வருகிற விருந்தாளிபோல் வந்து பள்ளத்தில் இறங்கிக்கொண்டிருந்தது.

"ஆக, உங்களுக்குத் தெரியும்" என்றாள்.

"நான்தான் குழாய்க்குப் பள்ளம் தோண்டினேன். தெரியாம இருக்குமா? உங்கப்பா தளம் போட்டாரு. போட்ட கையோட சங்கங்களோட மாநாடுன்னு வெளியூர் போயிட்டாரு. அன்னிக்கு மழை. தண்ணி நேரா ஹாலுக்குள்ள. உங்கம்மா கொத்தனாரைக் கூப்பிட்டாங்க, அப்புறம் சுவர் மேல எட்டி என்னைக் கூப்பிட்டாங்க. அவர் திரும்பி வர்றதுக்குள்ள சுவருக்கு அடியில குழாய் போயிடுச்சு. வர்ற தண்ணி எங்கயாவது நிக்கணுமே. அதுக்குத்தான் இந்தப் பள்ளம், இந்தக் கோரை, இந்த நாணல் எல்லாம்."

"அவர் உங்க மேல புகார் மேல புகாரா எழுதறாரு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"அண்ணி சொல்ல வேணாம்னாங்க." சித்தப்பா கோரையை விட்டார். "அதுவும் இல்லாம, தன் ஹாலைக் காப்பாத்தற காட்டை ஒரு மனுஷன் முத்திரை குத்திக் குத்தி அழிக்கப் பார்க்கறதை வேடிக்கை பார்க்கற சுகம், பாப்பா, அது காசு குடுத்தாலும் கிடைக்காது."

சுவருக்கு மேல் அம்மாவின் தலை முளைத்தது. ஸ்டூலில் ஏறியிருந்தாள். சிவப்பைப் பார்த்தாள். "நான் அப்பவே சொன்னேன், பச்சையே ஊத்துன்னு" என்றாள்.

"என்ன, வந்துடுச்சா? எங்க?" என்று தெருவிலிருந்து செயலாளரின் குரல். தம்பி வீட்டு வாசற்கதவு வரை வந்து, கோடு கிழித்ததுபோல் நின்றுவிட்டார்.

"உள்ள வந்து பாருங்கப்பா."

"அந்த மனையில நான் கால் வைக்கிறதில்ல."

"அவர்கிட்ட சொல்லும்மா" என்றார் சித்தப்பா, அண்ணனை நேராகப் பார்த்துக்கொண்டே, "சங்கச் செயலாளரா வரலாம்னு. அண்ணனா வர வேணாம்."

செயலாளராக வந்தார். கொக்கு மாதிரி காலைத் தூக்கித் தூக்கி வைத்து, புல் ஒட்டிவிடாமல். பள்ளத்தின் ஓரத்தில் நின்று குனிந்தார். தன் கையால் ஊற்றிய சிவப்பு. அதை வேறு யாருடையது என்றும் சொல்ல முடியாது.

"குழாய் நான் போடச் சொன்னது" என்றது சுவருக்கு மேலிருந்த தலை. "ஹால்ல முழங்கால் தண்ணி. உங்க விதியில சொல்ற அதே முழங்கால். நீங்க மாநாட்டுல இருந்தீங்க."

செயலாளர் நிமிர்ந்தார். மனைவி ஏமாற்றினாள் என்பதா, தம்பி காப்பாற்றினான் என்பதா, எது அதிக அவமானம் என்று அவர் முகம் கொஞ்ச நேரம் தேடியது. தம்பி காப்பாற்றியதுதான் என்று முடிவுக்கு வந்தது.

"அதை அடைச்சுடு" என்றார் மகளிடம்.

"அப்பா, வானத்தைப் பாருங்க."

"வானத்தை நான் ஏன் பார்க்கணும்? என் மனைத் தண்ணி எதிர்த்தரப்பு மனைக்குள்ள போகக் கூடாது. விதி. அந்த விதியைக் கொண்டுவந்தவன் நான். மனைக்குச் சொந்தக்காரனே கேட்டா உடனே அடைக்கணும்னும் அதுல இருக்கு. அதுவும் நான் சொன்னதுதான்."

தொல்லை என்னவென்றால் அவர் சொன்னது உண்மை. மகள் வண்டியிலிருந்து பலூனை எடுத்து வந்தாள். பலூன் என்பது அவர்கள் பிரிவில் குழாயை அடைக்க வைத்திருக்கும் தடித்த ரப்பர் பை. குழாய் வாய்க்குள் நுழைத்து, சைக்கிள் பம்ப்பால் காற்றடித்தாள். சிவப்பு ஒரு நூலாக மெலிந்து நின்றது.

"இதை எப்போ எடுப்பீங்க ஆபீசர்?" என்றார் சித்தப்பா.

"ரெண்டு மனைக்காரங்களும் சம்மதிச்சா எப்போ வேணும்னாலும் எடுக்கலாம். இந்தத் திருகைத் திறந்தா காத்து இறங்கிடும்."

"என் சம்மதம் இப்பவே எழுதிக்க. அவர் ஒரு வார்த்தை கேட்டாப் போதும். உன்னைக் கேக்கக் கூடாது, அண்ணியைக் கேக்கக் கூடாது. என்னைக் கேக்கணும்."

செயலாளர் அதைக் கேட்காதவர்போல் கொக்கு நடையில் வெளியே போனார்.

புல் வெட்டும் ஆட்களுக்கு மகள் போன் செய்து, நாளைக்கு வர வேண்டாம் என்றாள். பச்சை எங்கும் வெளிவரவில்லை, தோட்டம் இருக்கலாம் என்று வண்டியின் மேல் வைத்தே எழுதினாள். சிவப்பைப் பற்றியும் எழுதினாள். தண்ணீர் அடுத்த மனைக்குப் போவதற்குக் காரணமானது, முற்றத்துத் தளம். அதை அகற்ற வேண்டும். எழுதி முடித்து, கீழே கையெழுத்தும் போட்டாள். அறிக்கை நாளைக் காலையில் தலைவியின் மேசைக்குப் போக வேண்டும். அதே தலைவி இன்று சாயங்காலம் பலகையோடு வருகிறார்.

தலைவிக்கு முன்னால் மழை வந்துவிட்டது.

சாமியானா போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கி, நான்கைந்து குடைகள், பலகையைப் பொருத்தத் துளையிடும் மிஷினோடு ஒரு ஆள். மகள் இரண்டு வாசலுக்கும் நடுவே, சுவர் முடிகிற இடத்தில் நின்றுகொண்டாள். அங்கிருந்து இந்தப் பக்கம் அப்பா தெரிந்தார். அந்தப் பக்கம் குடை பிடித்துக்கொண்டு, பள்ளத்தின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்த சித்தப்பா தெரிந்தார்.

தலைவி காரிலிருந்து இறங்கி வாசலைப் பார்த்தார். தெருவெல்லாம் சேறு. செயலாளர் வாசலில் ஒரு சொட்டுத் தேங்கவில்லை.

"பாருங்க" என்றார் கூட வந்தவர்களிடம். "இந்த மழையிலும் எப்படி இருக்கு பாருங்க. தண்ணி வந்த வழி தெரியல, போன வழியும் தெரியல. முகப்புன்னா இது."

பலகை ஏறியது. கைதட்டல் மழைச் சத்தத்தில் கரைந்தது. வீட்டுக்குள்ளிருந்து வேறொரு சத்தம் வந்தது: சோபாவின் கால்களுக்கு அடியில் செங்கல் வைக்கும் சத்தம். அம்மா யாரையும் திட்டாமல், பெருமூச்சு விடாமல், ஒவ்வொன்றாக மேலே ஏற்றிக்கொண்டிருந்தாள். முன்பே ஒருமுறை செய்த வேலை.

செயலாளர் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "மதிப்பிற்குரிய தலைவி அவர்களே. ஒழுங்கு என்பது வாசலில் தொடங்குகிறது."

அவர் முதுகுக்குப் பின்னால் வீட்டுக் கதவு ஒரு சாண் திறந்தது.

"அது வாசலில் தொடங்கி" என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் பார்த்தார். சாண் அகல இடைவெளியில் ஹால் தெரிந்தது. அவருடைய வீட்டுச் செருப்பு, இடது கால், டீப்பாயைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. வலது கால் பின்னால் வந்தது. அதற்கு அப்பால் அம்மா, புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகி, இடுப்பில் கைவைத்து நின்று, அவரைப் பார்த்தாள்.

செயலாளர் கூட்டத்தைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பிறகு, மகள் இருந்த பக்கம் திரும்பி, அவளைத் தாண்டிச் சுவரைப் பார்த்தார்.

"தம்பி" என்றார்.

ஒலிபெருக்கி கையில் இருப்பதை மறந்துவிட்டார். ஒலிபெருக்கி மறக்கவில்லை. தெரு முழுக்கக் கேட்டது. சங்க உறுப்பினர்கள் குடையைச் சாய்த்து ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் சித்தப்பா அசையவில்லை. "யாரையோ கூப்பிடறாங்க போல" என்றார் மகளிடம், மெதுவாக.

"உன்னைத்தான்டா" என்றது ஒலிபெருக்கி. "அதை எடு."

அந்த 'டா' மழைக்கு நடுவே தெருவின் கோடி வரை போய்த் திரும்பி வந்தது. சித்தப்பா கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். குனிந்து திருகைத் திறந்தார். பலூன் உஸ்ஸென்று மூச்சு விட்டது. அடுத்த நிமிடம் அண்ணன் வீட்டுத் தண்ணீர், இன்னும் இளஞ்சிவப்பாக, நாணலுக்கு நடுவே பாய்ந்து வந்தது.

"தம்பியா? யாருங்க அது? எதை எடுக்கச் சொன்னீங்க?" என்றார் தலைவி.

"ஒண்ணுமில்லீங்க. குடும்ப விஷயம்."

"நல்லது. குடும்பம் ஒத்துமையா இருந்தாத்தான் வீடு இப்படி இருக்கும்." தலைவி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "பேசிப் பேசித் தொண்டை காஞ்சு போச்சுங்க. உள்ள வந்து ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுக் கிளம்பறேனே. முகப்பே இப்படின்னா வீடு எப்படி இருக்கும்னு பார்க்கணும்."

ஹாலில் நின்ற தண்ணீர் அந்தக் குழாய் வழியாக வடிய அரை மணியாவது பிடிக்கும். மகளுக்குத் தெரியும். அவள் கை தன்னையறியாமல் தோளில் தொங்கிய பையை, உள்ளே அறிக்கை இருந்த பையை, இறுக்கிப் பிடித்தது. தலைவி வீட்டுக் கதவை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார். செயலாளர் ஒலிபெருக்கியோடு கதவுக்குக் குறுக்கே போய் நின்றார்.

கதவுக்குப் பின்னாலிருந்துதான் பதில் வந்தது.

"வரச் சொல்லுங்க. தண்ணிக்கு என்ன பஞ்சம், நிறையவே இருக்கு. செருப்பை மட்டும் கையில எடுத்துக்கச் சொல்லுங்க."